சைக்கோ (1960): எல்லாம் தெரிந்த பிறகு முதன்முறையாகப் பார்த்தேன்

மின்மினி · சனி, இரவு 12:48

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழை முழுக்க ஸ்பாய்லர்தான். அறுபது வருடப் பழைய படத்துக்கு எச்சரிக்கையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த எச்சரிக்கையை யாரும் தரவில்லை, அதுதான் என் குறை. (மிஷ்கின் படம் இல்லை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் கறுப்பு வெள்ளைப் படம்.)

இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் பயம் இல்லை. பார்க்காத படத்தின் மேலேயே ஒரு சலிப்பு வந்துவிட்டது. குளிக்கும்போது கதாநாயகியைக் கத்தியால் குத்திக் கொல்கிற ஷவர் காட்சி தெரியும். அந்த வயலின் கீச்சல் தெரியும். யாராவது கத்தியைக் கையில் எடுத்தால் வாயாலேயே அந்தச் சத்தம் போடுகிற ஆள் நான். கொலை செய்கிற அந்த அம்மா யார் என்கிற ரகசியமும் தெரியும். கார்ட்டூன், விளம்பரம், நகைச்சுவை நிகழ்ச்சி என்று துண்டு துண்டாகவே முழுப் படமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. இனி உட்கார்ந்து பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஒரு வழியாக விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன். முதல் ஆச்சரியம், படம் ஆரம்பித்து அரை மணி நேரம் வரை பேய்ப் படத்துக்கான அறிகுறியே இல்லை. மேரியன் என்கிற ஒரு ஆபீஸ் பெண். கடன்பட்ட காதலன். கையில் வந்து சேர்கிற 40,000 டாலர். வங்கியில் போடச் சொன்ன பணத்தைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வழியில் ஒரு போலீஸ்காரர், கண்ணையே காட்டாத கறுப்புக் கண்ணாடி. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பெண் மாட்டிக்கொள்வாளா மாட்டாளா என்பதிலேயே மூழ்கி ஷவரை மறந்துவிட்டேன்.

அப்புறம் மழை, மோட்டல், அதை நடத்துகிற நார்மன், ஷவர். அங்கே எனக்குப் பயம் வரவே இல்லை. மனப்பாடமான பாட்டை மூலக் குரலில் கேட்பது போல இருந்தது, அவ்வளவுதான்.

பயம் வந்தது அதற்குப் பிறகு. நார்மன் தரையைத் துடைக்கிறான், திரையில் உடலைச் சுற்றுகிறான், கார் டிக்கியில் வைக்கிறான், சதுப்பில் தள்ளிவிடுகிறான். கார் மெதுவாக மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அவன் முகத்தைக் காட்டுகிறார்கள். நான் இருட்டில் தனியாக உட்கார்ந்து "முழுகு, முழுகு" என்று முணுமுணுத்திருக்கிறேன். வாய்விட்டு. கார் உள்ளே போனதும் 'அப்பாடா' என்று இருந்தது. அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது, அந்த டிக்கிக்குள் இருப்பவளுக்காகத்தானே முக்கால் மணி நேரம் தவித்தேன்? அதற்குமேல் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டேன். மீதியை இன்று பகலில்தான் பார்த்தேன்.

இது எனக்கு மட்டும்தானா? இதை எப்படிச் செய்தார் அந்த மனிதர்?

பழைய_புரொஜெக்டர் · சனி, இரவு 1:15

உங்களுக்கு மட்டும் இல்லை. அந்தக் கார் நிற்கும் மூன்று நான்கு நொடியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏழாவது முறை பார்க்கும்போதும்.

சும்மா_ஒருத்தன் · சனி, இரவு 1:32

எல்லோரும் புகழ்வதால் நான் மட்டும் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், அடிக்க வராதீர்கள். போன மாதம்தான் நானும் முதல்முறையாகப் பார்த்தேன். தூங்கிவிட்டேன். கார் ஓட்டுகிறாள், ஓட்டுகிறாள், ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். பழைய கார் வாங்க ஒரு காட்சி. ஷவர் காட்சியில் ரத்தம் என்று பார்த்தால் கறுப்பாக ஏதோ ஓடுகிறது. கத்தி உடம்பில் படுவதே தெரியவில்லை. அந்தக் காலத்தில் பயந்திருக்கலாம், இப்போது இதைத் திகில் படம் என்று சொல்வது மரியாதைக்காக என்றுதான் தோன்றுகிறது.

கத்தரிக்கோல் · ஞாயிறு, காலை 7:05

@சும்மா_ஒருத்தன், அந்தக் 'கறுப்பாக ஏதோ' சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அதுதான் ரத்தம் மாதிரித் தெரிந்தது. கத்தி இறங்குகிற சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். கத்தி படுவது தெரியவில்லை என்றீர்கள், சரிதான், ஒரே ஒரு இடத்தில் வயிற்றருகே முனை தொடுகிற மாதிரி ஒரு கணம் வரும். மற்றபடி கத்தி தனி ஷாட், உடல் தனி ஷாட். படத்தைப் பார்த்துவிட்டு, 'கத்தி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்கிறவர்கள் அதிகம். அவர்கள் பார்த்தது அவர்களுடைய மண்டைக்குள் ஓடிய ஷாட்.

அந்த ஒரு காட்சிக்கு 1959 டிசம்பரில் ஏழு நாள் படப்பிடிப்பு. 78 கேமரா நிலைகள், 52 வெட்டுகள். இந்த இரண்டு எண்களையே தலைப்பாக வைத்து 2017-ல் ஒரு ஆவணப்படம் வந்தது, அந்தக் காட்சியைப் பற்றி மட்டுமே. இன்னொன்று: அதை எடுத்தபோது நார்மனாக நடித்த ஆந்தனி பெர்கின்ஸ் அங்கே இல்லவே இல்லை, நியூயார்க்கில் ஒரு மேடை நாடகத்தின் ஒத்திகையில் இருந்தார். கத்தியோடு வருகிற உருவம் வேறு ஆள்.

ஆனால் மின்மினி கேட்டது சதுப்பைப் பற்றி. எனக்கும் ஷவரைவிட அதுதான் பெரிய வித்தை. எடிட்டிங் வேலை பார்க்கிறவன் என்பதால் என் கணக்கைச் சொல்கிறேன்.

மேரியன் செத்ததும் திரையில் நமக்குப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. வீடு, மோட்டல், பிணம். அப்போது ஒருவன் ஓடி வருகிறான், வாயைப் பொத்திக்கொள்கிறான், நம்மைப் போலவே அதிர்ந்து போகிறான். அவனோடு ஒட்டிக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு வழி வைக்கவில்லை. அடுத்த பத்து நிமிடம் ஏறக்குறைய வசனமே கிடையாது. ஒருவன் வேலை செய்வதை மட்டும் பார்க்கிறோம். துடைக்கிறான், அலசுகிறான், மூட்டை கட்டுகிறான். எந்த வேலையானாலும், ஒருவன் கவனமாகச் செய்வதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தால், அது நல்லபடியாக முடிய வேண்டும் என்று மனசு தானாகவே நினைக்க ஆரம்பித்துவிடும். சுவரில் ஒருவர் ஆணி அடிப்பதைப் பார்த்தாலும் அப்படித்தான். அந்த நினைப்பு ஊறிய பிறகுதான் காரை நிறுத்துகிறார்.

இதற்கு ஒத்திகை முதல் பாதியிலேயே நடந்துவிட்டது. திருடிய பணத்தோடு ஓடுகிற பெண் மாட்டக் கூடாது என்று அரை மணி நேரம் வேண்டிக்கொண்டோமே, அது எதற்கு? குற்றத்துக்குத் துணை போகிற பழக்கத்தை நமக்கு ஏற்படுத்தத்தான். @சும்மா_ஒருத்தன், உங்களைத் தூங்க வைத்த அந்தக் கார் பயணம் இல்லாவிட்டால் சதுப்பு வேலை செய்யாது.

சும்மா_ஒருத்தன் · ஞாயிறு, காலை 9:20

சரி, ஆணி அடிக்கிற கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லித்தான் எனக்குப் புரிகிறது என்றால் அது படத்தின் வெற்றியா, உங்கள் வெற்றியா?

ராத்திரி_ஆட்டம் · ஞாயிறு, காலை 10:02

நண்பர் தூங்கியதில் தப்பே இல்லை. தூங்கியது அவர் தப்பும் இல்லை, படத்தின் தப்பும் இல்லை. ஷவர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே பார்த்தால் அதற்கு முன்னால் வருவதெல்லாம் இடைஞ்சலாகத்தான் தெரியும்.

1960-ல் கொட்டகைக்குப் போனவனுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. சுவரொட்டியில் ஜேனட் லீ. பெரிய நட்சத்திரம். டிக்கெட் வாங்கியவன் இவளுடைய கதையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். 109 நிமிடப் படத்தில் பாதிகூட வரவில்லை, கதாநாயகியைக் கொன்றுவிட்டார்கள். அதுவும் எந்த நேரத்தில்? திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் முடிவு செய்த பிறகு. செலவான தொகையைக் கழித்துக் கணக்குப் போட்ட காகிதத்தைக் கிழித்து, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டு, மனசு லேசாகித்தான் குளிக்கப் போகிறாள். அமெரிக்கப் படங்களில் கழிப்பறையைக் காட்டுவதே அப்போது வழக்கமில்லை, அதுவே பலருக்கு அதிர்ச்சி.

அப்போதெல்லாம் அங்கே படம் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். பாதியிலிருந்து பார்த்துவிட்டு, அடுத்த காட்சியில் முன்பாதியைப் பார்த்துக் கிளம்பலாம். ஹிட்ச்காக் இந்தப் படத்துக்கு அதைத் தடுத்தார். படம் தொடங்கிய பிறகு யாரையும் விடக் கூடாது என்று கொட்டகைகளுக்குக் கண்டிப்பான உத்தரவு. விளம்பர உத்தி என்று சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறவன் ஜேனட் லீ எங்கே, எங்கே என்று படம் முடியும்வரை தேடிக்கொண்டிருப்பான்.

ட்ரெய்லரும் ஒரு குறும்பு. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். படக் காட்சிகளைக் காட்டாமல் அவரே வீட்டைச் சுற்றிக் காட்டுவார், வீடு வாடகைக்குக் காட்டும் தரகர் மாதிரி. கடைசியில் ஷவர் திரையை விலக்குவார், ஒரு பெண் அலறுவாள். அது ஜேனட் லீ இல்லை! தங்கையாக நடித்த வேரா மைல்ஸ், தலையில் விக்.

மின்மினி · ஞாயிறு, மதியம் 12:40

@கத்தரிக்கோல், ஆணி அடிப்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் சதுப்புக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. ஆனால் எனக்கு நார்மன் மேல் இரக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன அறையில், பாடம் செய்த பறவைகளுக்கு நடுவே இரண்டு பேரும் பேசுகிறார்களே, அங்கே.

அந்தக் காட்சியைப் பற்றி யாருமே எனக்கு முன்கூட்டிச் சொன்னதில்லை. சாண்ட்விச்சும் பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கூச்ச சுபாவம், திக்கல், கொஞ்சம் சிரிப்பு. நட்பே இல்லாமல் வளர்ந்த பையன் என்று தெரிகிறது. அம்மாவை 'எங்காவது' சேர்த்துவிடக் கூடாதா என்று அவள் மெதுவாகக் கேட்கிறாள். உடனே முன்னால் சாய்கிறான், குரல் மாறுகிறது. ஒரு நிமிடம்தான். மறுபடி பழைய பையன். எனக்கு விஷயமெல்லாம் தெரியும், இருந்தும் 'பாவம், புண்பட்டுவிட்டான்' என்றுதான் தோன்றியது. தெரிந்துகொண்டே ஏமாந்தேன்.

கத்தரிக்கோல் · ஞாயிறு, மதியம் 1:18

அந்த அறையில் கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேரியனைக் காட்டும்போது கண் மட்டத்தில், சாதாரணமாக. நார்மனைக் காட்டும்போது கீழேயிருந்து, பக்கவாட்டில், அவன் தலைக்கு மேல் சிறகு விரித்த ஆந்தை. ஒரே அறை, இரண்டு படங்கள்.

இரக்கத்துக்கு இன்னொரு காரணம் ஆள் தேர்வு. ராபர்ட் ப்ளாக் 1959-ல் எழுதிய நாவலில் நார்மன் நடுத்தர வயது, பருமன், கண்ணாடி, குடிப்பழக்கம். கதையே அவனிடமிருந்துதான் தொடங்கும். திரைக்கதை எழுதிய ஜோசஃப் ஸ்டெஃபானோ மேரியனிடமிருந்து தொடங்கினார், நார்மனை ஒல்லியான இளைஞனாக்கினார்கள். நாவலின் நார்மன் அந்தச் சதுப்பின் கரையில் நின்றிருந்தால் நீங்கள் 'முழுகு' என்று சொல்லியிருப்பீர்களா? கரையில் நின்று மிட்டாய் மெல்கிறானே, அந்த யோசனை பெர்கின்ஸ் சொன்னது. எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் அந்த மெல்லல் நின்றால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பழைய_புரொஜெக்டர் · ஞாயிறு, மதியம் 1:30

கவனித்தீர்களா தெரியவில்லை, மேரியன் பணத்தை எடுப்பதற்கு முன் வெள்ளை உள்ளாடை, வெள்ளைக் கைப்பை. எடுத்த பிறகு இரண்டும் கறுப்பு. முதல்முறை பார்த்தபோது நான் கவனிக்கவில்லை, சொன்ன பிறகு அது மட்டும்தான் கண்ணில் படுகிறது. அதனால் மன்னிக்கவும், உங்களையும் கெடுத்துவிட்டேன்.

காதுள்ளவன் · ஞாயிறு, மாலை 4:44

எல்லோரும் கண்ணையே பேசுகிறீர்கள்.

ஹிட்ச்காக் ஷவர் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். தண்ணீர்ச் சத்தமும் அலறலும் போதும் என்று. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அவர் பேச்சைக் கேட்காமல் எழுதிவைத்தார், போட்டுக் காட்டியதும் ஹிட்ச்காக் மனசு மாறினார். நல்லவேளை. படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான், ஒரு ஊதல் கிடையாது, ஒரு முரசு கிடையாது. பயமுறுத்தும் படம் என்றால் மேளம் அதிர வேண்டும் என்றிருந்த காலத்தில் வயலினையே கத்தி மாதிரி பிடிக்க வைத்தார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை இசை வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆஸ்கரில் படத்துக்கு நான்கு பரிந்துரைகள். இந்த இசைக்குப் பரிந்துரைகூட இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கீச்சலை மறந்துவிட்டு அதற்கு முன்னும் பின்னும் கேளுங்கள். திரை விலகும்வரை இசை கிடையாது, குளிக்கிற சத்தம் மட்டும். எல்லாம் முடிந்ததும் மறுபடி அதே தண்ணீர்ச் சத்தம், எதுவுமே நடக்காத மாதிரி, வடிகாலில் சுழன்று போகிறது. எனக்கு அந்தத் தண்ணீர்தான் பயம். அது நிற்கவே இல்லையே, யாராவது குழாயை மூட மாட்டார்களா என்று இருக்கும். நார்மன் வந்து மூடுகிறான். @கத்தரிக்கோல், உங்கள் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நமக்காக அந்தக் குழாயை மூடியவன் அவன்தான்.

கத்தரிக்கோல் · ஞாயிறு, மாலை 4:51

சேர்த்துக்கொண்டேன். இது எனக்குத் தோன்றவில்லை.

வெண்பனி · ஞாயிறு, இரவு 8:10

கடைசியில் வருகிற மனநல மருத்துவரைப் பற்றி யாருமே பேசவில்லையே. படம் உச்சத்துக்குப் போய், நிலவறையில் நாற்காலி திரும்பி, விளக்கு ஊசலாடி, எல்லாம் முடிந்தபின் ஒருவர் வந்து வகுப்பெடுக்கிறார். நார்மனுக்குள் இரண்டு பேர், அம்மாவை அவனே விஷம் வைத்துக் கொன்றான், குற்ற உணர்ச்சியில் அம்மாவாகவே மாறினான் என்று கைகளை ஆட்டி ஆட்டி விளக்குகிறார். நூறு நிமிடம் காட்டிக்காட்டி வந்த படம் திடீரென்று வாயால் சொல்ல ஆரம்பிக்கிறது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட்கூட இதில் பெரும்பகுதியை வெட்டியிருக்க வேண்டும் என்று எழுதினார்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. மனநலப் பிரச்சினை உள்ளவர்களை நெருக்கமாகத் தெரிந்தவள் நான். அவர்கள் மற்றவர்களுக்குச் செய்யும் கெடுதலைவிட மற்றவர்கள் அவர்களுக்குச் செய்யும் கெடுதல்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்தப் படத்துக்குப் பிறகு எத்தனை படத்தில் 'உள்ளே இரண்டு பேர்' என்றாலே கத்தி வந்துவிட்டது! இந்தத் தலைப்பே ஒரு வசவுச் சொல்லாகிவிட்டது. படத்தின் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மருத்துவர் காட்சி இல்லாவிட்டால் நார்மன் ஒரு புதிராக இருந்திருப்பான், ஒரு நோயின் பெயராக ஆகியிருக்க மாட்டான்.

ராத்திரி_ஆட்டம் · ஞாயிறு, இரவு 8:52

இரண்டாவது விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். முதல் விஷயத்தில் பாதிதான். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒன்று புதிது. விளக்காமல் விட்டிருந்தால் பாதிப் பேர் பேய் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சும்மா_ஒருத்தன் · ஞாயிறு, இரவு 9:15

1998-ல் கலரில் திரும்ப எடுத்தார்களே, அதைப் பார்க்கலாமா? கலர் என்றால் தூங்க மாட்டேன்.

பழைய_புரொஜெக்டர் · ஞாயிறு, இரவு 9:17

கஸ் வான் சான்ட் எடுத்தது. ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே. நன்றாகத் தூங்கலாம்.

நெறியாளர் · ஞாயிறு, இரவு 9:40

மறு ஆக்கங்களுக்குத் தனி இழை இருக்கிறது. ஹாலோவீன் (1978) பற்றி வந்த நான்கு பதிவுகளையும் அங்கே மாற்றியிருக்கிறேன். ஆமாம், அதில் நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் ஜேனட் லீயின் மகள்தான். ஆமாம், அதில் வரும் டாக்டர் சாம் லூமிஸின் பெயர் இதில் வரும் காதலனின் பெயர்தான். எல்லோருக்கும் தெரியும், நான்கு பேரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மின்மினி · செவ்வாய், இரவு 11:26

மன்னிக்கவும், இரண்டு நாளாக வரவில்லை. ஒரு பரிசோதனை செய்து முடித்துவிட்டுத்தான் வந்து எழுத வேண்டும் என்றிருந்தேன்.

ராத்திரி_ஆட்டம் சொன்னதைப் படித்ததும் ஒரு ஆசை. எதுவுமே தெரியாமல் இந்தப் படத்தைப் பார்க்கிற ஒரு ஆளை நான் எங்கே பிடிப்பேன்? அப்புறம் பார்த்தால் வீட்டிலேயே இருக்கிறார். என் அம்மா. திகில் படம் என்றால் பக்கத்திலேயே வர மாட்டார். அதனால் 'ஆபீஸ் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிற பெண்ணின் கதை' என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே. வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காதலனைப் பார்த்ததும்: "இவனுக்காகவா?"

போலீஸ்காரரைப் பார்த்ததும்: "இவன்தான் வில்லன். கண்ணைக் காட்டாதவனை நம்பாதே." கடைசிவரை அந்தப் போலீஸ்காரர் திரும்பி வருவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார்.

பறவை அறையில்: "நல்ல பிள்ளையா இருக்கான். அந்த நேரத்துல சாப்பிடக் கொடுத்தானே." அவன் குரல் மாறிய இடத்தில்: "அம்மாவச் சொன்னா யாருக்குத்தான் கோபம் வராது?"

ஷவர். நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலறவில்லை. கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். முடிந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "பொழச்சுக்குவா. இவதானே கதாநாயகி." நான் எதுவும் சொல்லவில்லை. கண் குளோசப் வருகிறது, கேமரா மெல்லப் பின்வாங்குகிறது, அசைவே இல்லை, அப்போதும் நம்பவில்லை. நார்மன் ஓடி வந்ததும் "அப்பாடா, வந்துட்டான், தூக்கிட்டுப் போவான்" என்றார். டிக்கியைத் திறந்து உடலை உள்ளே வைத்தபோதுதான் என் பக்கம் திரும்பி, "செத்தே போயிட்டாளா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஷவர் காட்சி உண்மையில் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ இல்லை. அம்மாவுக்கு அது டிக்கி மூடும்வரை ஓடியது.

அடுத்தது இன்னும் பெரிது. நார்மன் அறையைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்து, மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து டிக்கிக்குள் எறிகிறான் இல்லையா. "ஐயையோ, பணம்! அதுக்குள்ளதான் பணம் இருக்கு!" உடல் உள்ளே போனபோது வராத சத்தம். அப்புறம் கார் பாதியில் நின்றதும், மெதுவாக, "போச்சு. மாட்டிக்கிட்டான்." அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. கத்தரிக்கோல், உங்கள் ஆணி இறங்கிவிட்டது.

வெண்பனி, உங்களுக்காகவும் ஒன்று. நார்மனின் அம்மா செத்துப் பத்து வருடம் ஆகிறது என்று ஷெரீஃப் சொன்னதும் என் அம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "அப்ப பேய்தான்." அதோடு கொஞ்சம் நிம்மதியாகிவிட்டார் என்றே சொல்லலாம். நிலவறையில் உண்மை தெரிந்ததும்தான் முகம் மாறியது. "பேய்ன்னாக்கூடப் பரவாயில்லையே. இவன் நாலு வார்த்தை நல்லபடியாப் பேசுறானே." மருத்துவர் பேச ஆரம்பித்ததும் நான் ஓட்டிவிடப் பார்த்தேன், கையைப் பிடித்துவிட்டார். முழுக்கக் கேட்டார். ஒரு இடத்தில் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். நாற்பதாயிரம் என்னாயிற்று என்று ஒருவர் கேட்க, சதுப்பிடம் இருக்கிறது என்று மருத்துவர் பதில் சொன்னதும் திருப்தியாகத் தலையாட்டினார். கடைசி ஷாட்டில் சங்கிலி கட்டிக் காரை இழுக்கிறார்களே, அப்போது: "நனைஞ்சிருக்கும். காயவெச்சா ஆகும்."

வெண்பனி · புதன், காலை 6:50

உங்கள் அம்மா இருக்கும்வரை அந்தக் காட்சியை வெட்டச் சொல்ல மாட்டேன். தலைப்பு வசவாகிப் போனதில் என் வருத்தம் அப்படியேதான் இருக்கிறது.

சும்மா_ஒருத்தன் · புதன், காலை 8:30

இப்போது மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. உங்கள் அம்மாவோடு.

கத்தரிக்கோல் · புதன், காலை 9:04

'டிக்கி மூடும்வரை ஓடியது.' இதை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன். நாங்கள் வெட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

படிக்கட்டில் துப்பறிவாளர் ஆர்போகாஸ்ட் ஏறும்போது உங்கள் அம்மா என்ன சொன்னார்? அங்கே நார்மனின் அம்மா கத்தியோடு பாயும்போது கேமரா உச்சிக்குப் போய் மேலிருந்து பார்க்கும். அம்மாவின் முகத்தை மறைப்பதற்காகத்தான், ஆனால் மறைப்பதாகத் தெரியாத மாதிரி. அவருக்குச் சந்தேகம் வந்ததா?

மின்மினி · புதன், இரவு 10:15

முகம் தெரியவில்லை என்று கவனிக்கவே இல்லை. "வயசான காலத்துல என்ன வேகம்" என்றார்.

இன்றைக்குக் காலையில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார், "அந்தப் பையனோட அம்மா நிஜமாவே பொல்லாதவளா?"

ஆமாம்மா, டாக்டரே சொன்னாரே, அவனைத் தனியாக விடாமல் அடக்கியே வைத்திருந்தாள் என்று, என்றேன்.

"டாக்டருக்கு யாரு சொன்னது? அவன்தானே? அந்தம்மா படத்துல ஒரு வார்த்தைகூடப் பேசலயே. திட்டுனது, கத்துனது எல்லாம் இவன் குரல்தானே. கொன்னதும் இவன், கதை சொல்றதும் இவன்."

என்னிடம் பதில் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

கத்தரிக்கோல் · புதன், இரவு 11:58

ஒரு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளை உயிரோடு பார்த்தவர்கள் என்று ஷெரீஃபும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். பொல்லாதவள் என்று அவர்கள் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சரி, நாளை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.